தண்ணிக்குள்ள எறங்கு!

'நீச்சல் ஒரு போராட்டமா?' என்று கேட்கிற தோழர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வாசகர் வட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் சிரிக்கிறார்கள். பஞ்சமி நிலம் கெடக்கு, இட ஒதுக்கீடு கெடக்கு, வன்கொடுமை வழக்கெல்லாம் கோர்ட்டுல தேங்கிக் கெடக்கு, இதுல நீச்சலா? பணக்காரன் புள்ளைக சனி, ஞாயிறுல கத்துக்கிற வெளையாட்டாச்சே அது, என்கிறார்கள்.

சரி, ஒரே ஒரு கேள்வி. நம் கூட்டத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். கால் ஊன்றாத ஆழத்தில் ஐந்து நிமிஷம் தலையை வெளியே வைத்துக்கொண்டு நிற்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். பெண் தோழர்களில் எத்தனை பேர்? தூக்கிய கைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, இது விளையாட்டு விஷயமா சாதி விஷயமா என்று அப்புறம் பேசலாம்.

'கிராமத்துப் புள்ளைக்கு நீச்சல் சொல்லியா குடுக்கணும்? அது தானா வரும்' என்பது ஒரு பொதுப்புத்தி. தமிழில் கிராம நினைவுகளை எழுதியவர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்: பம்புசெட்டுக் கிணறு, மேட்டிலிருந்து குதித்தது, மாமா இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிணறு யாருடையது? பட்டா யார் பேரில்? தள்ளிவிட்ட மாமாவுக்கு எத்தனை ஏக்கர்? இதையெல்லாம் எவரும் எழுதுவதில்லை. நீச்சல் தானாக வருவதில்லை ஐயா. நிலம் வருகிற வழியிலேதான் அதுவும் வருகிறது. அப்பனிடமிருந்து மகனுக்கு, கிணற்றோடு சேர்த்து.

சேரியில் என்ன நடந்தது? ஊர்க்கிணற்றில் இறங்கினால் கிணறு தீட்டு. தண்ணீரை இறைத்துக் கொட்டிப் 'புனிதம்' பண்ண வேண்டும். பையன் குதித்ததற்கு அப்பனைப் பஞ்சாயத்தில் நிற்க வைப்பார்கள். அபராதம், காலில் விழுதல், சாணிப்பால், சவுக்கடி. குளத்திலும் ஆற்றிலும் அவர்களுக்கு மேலே ஒரு படித்துறை, நமக்குக் கீழே ஒரு இறக்கம். அதனால்தான் நம் தாய்மார்கள் பிள்ளைகளை அதட்டினார்கள். 'ஏலே, தண்ணிப் பக்கம் போகாத. அந்தக் கெணத்துல நமக்கு என்ன சோலி?' அந்த அம்மா பயந்தது தண்ணீருக்கு அல்ல. ஊருக்குப் பயந்தாள். பிள்ளைக்கு மட்டும் அது தண்ணீர்ப் பயமாகவே உடம்பில் தங்கிவிட்டது. நாலு தலைமுறை போனதும் ஊர்க்காரனே சொல்கிறான்: 'இவனுகளுக்குத் தண்ணின்னாலே பயம்டா.' பயத்தை உண்டாக்கியவன் அதை நம் சுபாவம் என்று எழுதி வைக்கிறான்.

'நம்ம ஆள்ல நீச்சல் தெரிஞ்சவங்களே இல்லையா?' என்று உடனே ஒருவர் கேட்பார். இருக்கிறார்கள். எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். தென்மாவட்டக் கண்மாய்களில் நீர் பாய்ச்சுகிற, மடை திறக்கிற வேலை பெரும்பாலும் நம்மவர்கள் தலையில். நிறைந்த கண்மாயில் மூழ்கி மடையைத் திறந்துவிடுவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. அந்த நீர்க்கட்டிக்கு மூச்சடக்கத் தெரியும், நீரின் இழுப்பு தெரியும், ஆழம் தெரியும். கிணறு வெட்டுவதும் தூர் வாருவதும் நாம். கிணற்றில் பிணம் மிதந்தால் எடுக்க ஓடி வந்து கூப்பிடுவதும் நம்மைத்தான். வேலைக்கு இறங்கும்போது தீட்டு இல்லை. குளிக்க இறங்கினால் தீட்டு. திருப்புன்கூர்க் கோயிலுக்குக் குளம் வெட்டிக் கொடுத்தவர் நந்தனார் என்று பெரியபுராணமே சொல்கிறது. அதே நந்தனார் தில்லைக்குள் போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. தண்ணீரை உண்டாக்கு, ஆனால் அதை அனுபவிக்காதே. இதுதான் வருண தர்மத்தின் நீர்ப்பாசனச் சட்டம்.

இன்னொரு தண்ணீரும் உண்டு. அதில் இறங்க நமக்குத் தடையே கிடையாது, இறங்காவிட்டால்தான் சண்டை. மலக்குழியும் பாதாளச் சாக்கடையும். 2013இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் இறக்குகிறார்கள், சாகடிக்கிறார்கள். நல்ல தண்ணீருக்கு வெளியே நிறுத்தி, மலத்தண்ணீருக்குள்ளே இறக்கிவிட்டவர்களைப் பார்த்து, 'உங்களுக்கு ஏன் நீச்சல் தெரியல?' என்று கேட்கிற யோக்கியதை எவனுக்கு இருக்கிறது?

சட்டங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாம் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்று சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். நூறு வருஷம் தாண்டிவிட்டது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், தொட்டி, குழாய், படித்துறை என வரிசையாகப் பட்டியல் போட்டு, தடுப்பவன் குற்றவாளி என்றது. பட்டியல் நீளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் எங்கோ அடிவாங்கிய ஒரு உடம்பு இருக்கிறது.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்னாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் குடித்தார்கள். அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் இருந்ததைக் காலால் நடந்து போய் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்கு விழுந்தது தடியடி. பிறகு சாதி இந்துக்கள் 108 குடம் சாணம், மூத்திரம், பால், தயிர் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். உயர்நீதிமன்றத்தில் வழக்கு ஜெயிக்க 1937 வரை ஆனது. மகாடில் நாம் குடித்தோம். முழங்கால் அளவுக்கு இறங்கினோம். அந்தக் குளத்தின் நடுப்பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது.

தாகத்துக்குக் குடிப்பதைக்கூட எதிரி கொஞ்சம் சகித்துக்கொள்வான். 'பாவம், குடிச்சுட்டுப் போகட்டும்' என்பான். மேலேயிருந்து கையில் ஊற்றுவான். ஆனால் ஒரு தலித் குளத்தில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தால் அவனுக்குப் பொறுக்காது. ஏனென்றால் அங்கே தாகம் இல்லை, கெஞ்சல் இல்லை, வேலையும் இல்லை. ஒரு உடம்பு சும்மா சந்தோஷமாக இருக்கிறது. அவனோடு ஒரே தண்ணீரில் இருக்கிறது. தீட்டின் கணக்கு அங்கேதான் உடைகிறது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு நேர்ந்ததும் இதுவே. 1919 ஜூலையில் சிகாகோவில் மிச்சிகன் ஏரியில் யூஜின் வில்லியம்ஸ் என்கிற 17 வயதுப் பையன் மிதவையில் இருந்தபோது வெள்ளையர் பக்கத் தண்ணீருக்குள் போய்விட்டான். கல்லெறிந்தார்கள். செத்துப்போனான். ஊரே பற்றி எரிந்தது. 1964இல் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பரும் வெள்ளையருமாகப் போராளிகள் இறங்கினார்கள். விடுதி மேலாளர் அந்தத் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். மிசிசிப்பியின் ஜாக்சன் நகராட்சி இன்னொரு தந்திரம் செய்தது. கறுப்பர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வந்ததும் பொது நீச்சல் குளங்களையே மூடிவிட்டது. 1971இல் உச்சநீதிமன்றம், மூடியது தப்பில்லை என்று ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்ப்பு எழுதியது. கறுப்பன் நனைந்த தண்ணீரில் நனைவதைவிட எல்லோரும் காய்ந்து கிடப்பதே மேல் என்கிற மனசு! நமக்கு இது புதுசா? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2025 ஜனவரியில் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டது அதே தலித் தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மேல். அந்தத் தெரு அதை ஏற்கவில்லை. குடிக்கிற தண்ணீருக்கே கதி இதுதான்.

இனி தாமிரபரணிக்கு வருவோம்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைக்காக, சிறையில் அடைக்கப்பட்டவர்களின் விடுதலைக்காக, திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஆறு. சனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் செத்தார்கள். ஆற்றில் கிடந்தவர்களையும் விடாமல் தடியாலும் கல்லாலும் அடித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், படம் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்க்காத மாணவத் தோழர்கள் தேடிப் பிடித்துப் பாருங்கள். அரசு என்ன சொன்னது? தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது. பழி ஆற்றின் மேல் போனது.

இங்கே கவனமாகப் பேச வேண்டும். 'அவங்களுக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாங்க' என்று சொன்னால் அது போலீசுக்கு வக்காலத்து வாங்குகிற பேச்சு. கொன்றது தடி. நன்றாக நீந்தத் தெரிந்தவன் தலையில் கல் விழுந்தாலும் மூழ்கத்தான் செய்வான். நான் சொல்வது வேறு. தடியைப் பிடித்தவனுக்கு ஆறு இன்னொரு தடியாக உதவியது. நூற்றாண்டுக் கணக்கில் தண்ணீருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை ஒருநாள் தண்ணீருக்குள் விரட்டினால் என்ன ஆகும்? எதிரியிடமிருந்து தடியைப் பிடுங்குவது அரசியல் வேலை, அது தொடரட்டும். ஆற்றை அவனிடமிருந்து பிடுங்குவது நம் கையில், நம் காலில், நம் மூச்சில் இருக்கிறது. ஒன்றைச் செய்தால் மற்றது வேண்டாம் என்று யார் சொன்னது?

மழைக்காலத்தையும் யோசியுங்கள். ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். வெள்ளம் முதலில் யார் வீட்டுக்கு வரும்? 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டத்துக் காலனிகள் என்ன பாடுபட்டன என்று தெரியாதா? ஆற்றில் மணல் அள்ளிப் போட்ட குழி, கல்குவாரிப் பள்ளம், செங்கல் சூளைக்கு மண் எடுத்த கிடங்கு எல்லாம் நம் குடியிருப்புக்குப் பக்கத்தில்தான். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பத்தில் ஒன்பது சாவு ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். இந்திய அரசின் குற்ற ஆவணக் காப்பகம் மூழ்கிச் செத்தவர்களை ஆண், பெண், வயது என்று பிரித்து அச்சடிக்கிறது. சாதி என்று ஒரு பத்தி அதில் கிடையாது. சுடுகாட்டில்கூடச் சாதி பார்க்கிற நாட்டில், இந்தச் சாவுக்கு மட்டும் சாதி பார்க்காத பெருந்தன்மை!

அதனால் கற்றுக்கொள்வோம். வயசு நாற்பதா? பரவாயில்லை. பந்தயத்துக்குப் போகவில்லை நாம். நமக்கு வேண்டியது இரண்டே வித்தை: மிதப்பது, நின்றபடி நீந்துவது. இவை தெரிந்தால் ஆள் வருகிற வரை உயிரோடு இருக்கலாம்.

முதலில் ஒரு உண்மை. மனித உடம்பின் அடர்த்தியும் தண்ணீரின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று. நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் உடம்பு சற்றே இலேசு. ஆகவே ஒரு சிறு பங்கு மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும். அந்தப் பங்கு எது என்பதில்தான் சூட்சுமம். பதறிப்போய்க் கையைத் தூக்கினால் கை மேலே நிற்கும், மூக்கு உள்ளே போய்விடும். கையைத் தூக்கிக் கும்பிட்டால் தண்ணீர் காப்பாற்றாது. கை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். முகம் மட்டும் வெளியே.

இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் தொடங்குங்கள். அடி தெரிகிற, இழுப்பில்லாத இடமாக இருக்க வேண்டும். நீந்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் கட்டாயம் வேண்டும். முதல் நாள் வேறெதுவும் வேண்டாம். வாயால் மூச்சை இழுத்து, முகத்தை உள்ளே வைத்து, மெதுவாகக் குமிழ்விட்டு ஊதுங்கள். முகம் நனைகிற பயம் போனால் பாதிப் பயம் போச்சு. அடுத்து, மூச்சை நிறைத்துக்கொண்டு முழங்காலைக் கட்டிப்பிடித்துப் பந்துபோலச் சுருளுங்கள். மூழ்கப் போகிறோம் என்று மனசு சொல்லும். முதுகு தானாக மேலே வரும். உடம்பைத் தண்ணீர் தாங்கும் என்பதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. முதுகு சொன்னால் ஏறும்.

பிறகு மல்லாந்து மிதப்பது. தோழர் ஒருவர் பிடரிக்குக் கீழே உள்ளங்கை கொடுக்கட்டும். காது தண்ணீருக்குள் போக வேண்டும். இதற்குத்தான் எல்லோரும் பயந்து தலையைத் தூக்குவார்கள். தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும். கண் வானத்தைப் பார்க்கட்டும், நெஞ்சும் தொப்புளும் மேலே வரட்டும், கைகள் அகல விரியட்டும். உழைத்து இறுகிய ஒல்லியான உடம்புக்குக் கால் இறங்கும். இறங்கிவிட்டுப் போகட்டும், முகம் வெளியே இருந்தால் போதும். மூச்சை முழுக்க விட்டுவிடாதீர்கள். எழுந்து நிற்க முழங்காலை மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தலையை முன்னால் கொடுத்து, கையால் தண்ணீரைத் தள்ளிக் காலை ஊன்றுங்கள். எழுந்து நிற்கிற வித்தை தெரிந்தால்தான் படுக்கிற தைரியம் வரும்.

நின்ற நீச்சலில் உடம்பு நேராக இருக்கும். களத்தில் காயும் நெல்லைக் கையால் பரப்பிவிடுவது போல, நெஞ்சு மட்டத்தில் இரண்டு கையும் தண்ணீருக்குள் பக்கவாட்டில் போய் வரட்டும். கால் சைக்கிள் மிதிப்பதுபோலவோ தவளைபோலவோ நிதானமாக அசையட்டும். வேகம் வேண்டாம். வேகமாக உதைப்பவன் இரண்டு நிமிஷத்தில் களைத்துவிடுவான். பத்து வினாடியில் தொடங்கி ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று போங்கள். களைத்தால் மல்லாந்து படுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யப் பழகினால் ஆழம் என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிடும்.

பெண் தோழர்கள் முதலில் உடம்போடு ஒட்டிய உடையில் பழகிவிட்டு, பிறகு சுடிதாரிலும் புடவையிலும் பழகிப் பாருங்கள். வெள்ளம் உடை மாற்ற நேரம் கொடுத்துவிட்டு வருவதில்லை. இன்னொன்று: மூழ்குகிறவர் சினிமாவில் வருகிற மாதிரி கத்த மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், சத்தம் வராது. பார்த்ததும் பின்னாலேயே குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் கட்டிப்பிடித்தால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். கம்பு, கயிறு, புடவை, மூடிய காலிக் கேன், கவிழ்த்த பிளாஸ்டிக் குடம், எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள், வீசுங்கள்.

எங்கே கற்பது? மாவட்டத் தலைநகர்கள் பலவற்றில் அரசு நீச்சல் குளங்கள் இருக்கின்றன. நம் வரிப்பணம். கட்டணத்தைப் பார்த்தால் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை வாசலோடு திரும்பிவிடும். நைலான் உடை, தொப்பி, கண்ணாடி என்று ஆயிரம் நிபந்தனை. 'சுத்தம்' என்கிற சொல்லை அங்கேயும் கவனியுங்கள். பழைய தீட்டு புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற இடம் அது. விடுதி மாணவர்களுக்கும் குடியிருப்புப் பெண்களுக்கும் இலவச நேரம் ஒதுக்கச் சொல்லி மனு கொடுப்போம். துணைத் திட்ட நிதியிலிருந்து பயிற்சியாளர் கேட்போம். மடை திறந்த, கிணறு தூர்வாரிய நம் பெரியவர்களைப் பயிற்சியாளர்களாக நியமிக்கச் சொல்வோம். அவர்கள் அறிவுக்கு இதுவரை எந்தச் சான்றிதழும் இல்லை, கூலி மட்டும்தான். அரசு தரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு கிளையும் கோடையில் பத்து நாள் முகாம் போடட்டும். லாரி ட்யூபும் கயிறும் நாலு காலிக் கேனும் போதும்.

எந்தக் குளத்தில்? ஊர்ப் பொதுக்குளத்தில்தான். சட்டம் நம் பக்கம், நம் கூட்டம் நம் பக்கம். யாராவது தடுத்தால் திருத்தப்பட்ட சட்டத்தின் 3(1)(za) பிரிவைச் சொல்லிப் புகார் எழுதத் தெரிந்த ஒரு தோழர் கரையில் நிற்கட்டும். ஒருவர் கையில் கயிறு, ஒருவர் கையில் சட்டப் புத்தகம். இரண்டும் உயிர் காக்கிற சாமான்தான்.

சித்திரை வெயிலில் அம்பேத்கர் பிறந்தநாள் வருகிறது. மாலை போடுவோம், மேடை போடுவோம், மைக்கில் பேசுவோம். அத்தோடு நிற்க வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலம் பெண்கள், கிழவர்கள், பிள்ளைகள் எல்லோரும் குளத்துக்குப் போவோம். முழங்கால் அளவோடு நிற்காமல் உள்ளே போவோம். படித்துறையில் நின்று முறைக்கிறவன் முறைத்துக்கொண்டு நிற்கட்டும்.

தண்ணிக்குள்ள எறங்கு, தோழா. காதை நனை. கையை விரி. அது தாங்கும்.